முப்பத்தொரு மில்லிமீட்டர்

இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி வடக்கே இரண்டு கட்டை.
களப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது
வரைபடத்தில் அவர்கள் மஞ்சள் பூசிய துண்டு:
பதினாலு ஹெக்டேர்,
சரிவு அரைவீதத்துக்கும் கீழே,
உவர்மண், மரமில்லை, உரிமை கோருவார் இல்லை.
பாசி வளர்க்க இதைவிட வேறென்ன வேண்டும்
என்றது கொழும்பு.

நான் அளக்க வந்தவள்.
வெயிலுக்கு முழுப்புள்ளி.
கடல்நீர் நானூறு மீற்றரில், அதற்கும் முழுப்புள்ளி.
மார்கழி வெள்ளத்துக்கு இரண்டு வெட்டினேன்.
கச்சானுக்கு ஒன்று:
நண்பகலில் அது மண்ணை அள்ளி வந்து
என் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது.

நிலம் சுலபம்.
நீர்தான் இடக்கு.
திறந்த குளத்தில் கடலை ஊற்றினால்
நீர் மேலே போகும், உப்பு கீழே நிற்கும்.
உப்பு ஏற ஏறப் பாசிக்கு மூச்சு முட்டும்.
போனதை நன்னீரால்தான் ஈடுகட்ட வேண்டும்.
எவ்வளவு போகும்?
அதற்குத்தான் இந்த வட்டத் தட்டு,
மரச்சட்டத்தின் மேல், வெட்டவெளியில்,
மட்டம் பார்க்க ஒரு கொக்கி ஊசியோடு.

தட்டை நிரப்ப இருநூற்றுச் சொச்சம் லீற்றர்.
ஊருக்கு வந்த பவுசரில் பிடித்தேன்,
பிரதேச சபைக் கடிதத்தைக் காட்டி.
வரிசை விலகி வழிவிட்டது.
மூன்று கேன்களோடு நின்ற யோகமலர்
தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"மிஸ், தண்ணிய வெயிலில வச்சு
என்னத்தப் பார்க்கிறீங்க?"
"எவ்வளவு வத்துதெண்டு."
"அதுக்கு எங்களிட்டக் கேட்டிருக்கலாமே."

ஏழு. ஆறு. ஏழு. எட்டு. ஏழு.
காலை எட்டரைக்குக் காலை எட்டரை.
பறவைக்கும் ஆட்டுக்கும் மறைப்பாகப் போடும் கம்பிவலை
இன்னும் வரவில்லை; பற்றுச்சீட்டில் ஒரு ஒப்பம் குறையுதாம்.
ஐந்தாம் நாள் தட்டின் ஓரத்தில்
நூல் கனத்தில் ஒரு பச்சை.
ஒரு புள்ளியும் கேட்காமல் ஒரு படிவமும் நிரப்பாமல்
பாசிக்கு இடம் பிடித்துப்போயிருந்தது.
துடைத்துவிட வேண்டும் என்கிறது கைநூல்.
துடைத்தேன்.

ஆறாம் நாள் காலை
ஊசி நீரைத் தொடவேயில்லை.
முப்பத்தொன்று.

சூரியன் அவ்வளவு குடிக்காது.
குனிந்து பார்த்தேன்.
உவர்மண் ஈரத்தில்
வாளி அடியின் இரண்டு வட்டம்,
பக்கத்தில் செருப்பில்லாத சின்னப் பாதம்,
விரல்கள் ஊன்றி, குதிகால் பதியாமல்,
எட்டி எடுத்த பாதம்.
முந்தாநாள் வரவேண்டிய பவுசர்
வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
எனக்கு அது நினைவில் இருக்க வேண்டிய அவசியம்
இருந்ததில்லை.

"பிழையான வாசிப்பு, மிஸ்" என்றார் சாரதி நஸ்லிம்.
"அந்த ஒண்ட விட்டுட்டுச் சராசரி எடுங்க."
எடுத்தேன். ஏழு.
ஏழு மில்லிமீட்டர் என்றால்
ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு எழுபதாயிரம் லீற்றர்,
ஏழாயிரம் கொள்ளும் பவுசரில் பத்து.
பதினாலு ஹெக்டேருக்கு நூற்றிநாற்பது.
ஊருக்கு மூன்று நாளைக்கு ஒன்று.
கணிப்பானை மூடி வைத்தேன்.
திரும்பத் திறந்து மறுபடி பெருக்கினேன்.
நூற்றிநாற்பது.

படிவத்தில் நன்னீருக்கு இருப்பது பத்தே புள்ளி.
பத்தையும் வெட்டினாலும்
கூட்டுத்தொகை எழுபத்தெட்டு.
அறுபதுக்கு மேல் போனால்
'உகந்தது' என்று தானாகவே பச்சையாகிவிடும் கட்டம்.

முப்பத்தொன்றை நான் அழிக்கவில்லை.
குறிப்பு நிரலில், இரண்டு விரலகல இடத்தில்,
எழுதினேன்:
மழை இல்லை. காற்று வழமைபோல்.
குடிக்கப்பட்டது.

பின்னேரம் கம்பிவலை வந்து சேர்ந்தது,
சுருட்டி, சணல் கட்டி, முத்திரையோடு.
வண்டியின் பின்னிருக்கையில் கிடக்கட்டும் என்றேன்.
நஸ்லிம் ஒன்றும் கேட்கவில்லை.
தட்டை அளவுக்கோடு வரை நிரப்பினோம்.

ஏழாம் நாள் காலை:
இருபத்தொன்பது.